துக்க வீட்டுச் சோறு

அன்பு மகள் சுகந்திக்கு அய்யா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் ஆடு கோழிகளும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்பதுதான் வழக்கம், ஆனால் சுகமில்லை என்று தெரிந்துகொண்டே அப்படிக் கேட்கக் கை ஓடவில்லை. அதனால் நேற்றைக்கு இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லையா தாயி என்று மட்டும் கேட்கிறேன். போனில் பேசலாமே, எதற்குத் தாளும் பேனாவும் என்று உன் அம்மா கேட்டாள். போனில் உன் முகத்தைப் பார்த்தால் நான் மழை, ஆடு என்று எதையாவது பேசிவிடுகிறேன், நீயும் அழுகையை அடக்கிக்கொண்டு சாப்பிட்டீங்களா மாத்திரை போட்டீங்களா என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். தாளில் என்றால் நீயும் நானும் அவரவர் பாட்டுக்கு அழுதுகொள்ளலாம்.

ஊரில் இந்த வருஷம் மழை பரவாயில்லை. கண்மாயில் பாதிக்குத் தண்ணீர் நிற்கிறது, நெல் கதிர் வாங்குகிறது, மிளகாயும் பூ எடுத்துவிட்டது. அயர்லாந்தில் எந்நேரமும் மழை என்று நீ அலுத்துக்கொள்ளும்போதெல்லாம், அதில் ஒரு வாரத்து மழையைப் பொட்டலம் கட்டி அனுப்பு, இராமநாதபுரம் ஜில்லாவே பிழைத்துக்கொள்ளும் என்பேன், நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகிவிட்டது. வெள்ளாட்டுக்கு இரண்டு குட்டி. ஓட்டில் ஒழுகிய இடத்தை மாற்றிவிட்டேன். கிறிஸ்துமஸ் வருகிறதே என்று குடில் கட்டிவிட்டேன், கேழ்வரகு முளைப்பாரிகூட பச்சென்று வந்திருக்கிறது. மாதாவும் சூசையப்பரும் வெறும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாலன் இயேசு சுரூபத்தைக் கொண்டுபோய் வைப்பது எப்போதும் உன் அம்மாதான், இந்த வருஷம் அது இருக்கிற பெட்டியை அவள் திறக்கவே இல்லை, நானும் கேட்கவில்லை.

ஐப்பசியில் நம் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது என்று மாப்பிள்ளை சொன்னார், அதற்கு அடுத்த வாரம் நீயே போன் பண்ணினாய். பங்குனியில் பிறந்திருக்க வேண்டிய பிள்ளை. அன்றைக்கு நீ அழக்கூட இல்லை, "எல்லாத்துலயும் ஒரு பாடம் இருக்குன்னு சொல்லுவீங்களே அய்யா, இதுல என்ன பாடம்?" என்று கேட்டாய். நான் வாய் திறக்கவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது தாயி, என்னிடம்தான் சொல் இல்லை. நீ அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை, நான் உன்னை வளர்த்த லட்சணம் அப்படி. சைக்கிள் பஞ்சரானால், டியூபைத் தண்ணீரில் முக்கினால்தானே ஓட்டை தெரியுது, ஆண்டவரும் நம்மைக் கஷ்டத்தில் முக்கித்தான் ஓட்டையைக் காட்டுவார் என்பேன். காலில் கருவேலமுள் ஏறி நீ கத்திக்கொண்டு நிற்பாய், நான் முள்முடியைப் பற்றி ஆரம்பிப்பேன், மொதல்ல முள்ளை எடுங்க அய்யா, பெறகு சாமியைச் சொல்லுங்க என்பாய். எங்க அய்யா ஈ அடிச்சாலும் அதுல ஒரு பிரசங்கம் இருக்கும் என்று உன் கூட்டாளிகளிடம் நீ சொல்லிச் சிரித்ததெல்லாம் என் காதுக்கு வந்ததுதான்.

நீ கேட்ட நாளிலிருந்து தேடிக்கொண்டேதான் இருக்கிறேன். வரப்பில் நடந்தால் தேடுகிறேன், ஆட்டுக்குக் குழை ஒடித்தால் தேடுகிறேன். திருப்பாலைக்குடியிலிருந்து மீன் கொண்டுவருகிற ஹமீது சுல்தான், வண்டியை நிறுத்தியதும் முதலில் நம் வீட்டுப் பூனைக்கு ஒரு காரப்பொடி மீனைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் யாவாரத்தைத் தொடங்குகிறார். மேஜையிலிருந்து விழும் துணுக்கை நாய்க்குட்டியும் தின்னுமே ஆண்டவரே என்று பைபிளில் மன்றாடினாளே ஒரு அம்மா, அவள் ஞாபகம் வந்தது, நல்ல பாடம்தான், ஆனால் உனக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்று விட்டுவிட்டேன். கார்த்திகை பிறந்ததும் மிளகாய்த் தோட்டத்தில் பட்டுப்போன இடங்களில் வேறு நாற்று ஊன்றிக்கொண்டிருந்தேன், அப்போது ஒன்று பிடிபட்ட மாதிரி இருந்தது, வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அது நாத்து, இது பிள்ளை, இதை மட்டும் அவளுக்கு எழுதினீங்கன்னா இந்த வீட்டுல உங்களுக்குச் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டாள். கோயிலில் கேட்டவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆண்டவர் தமக்குப் பிடித்த பூவை முதலில் பறித்துக்கொள்வார் என்றார் ஒருவர். எத்தனை சாவு வீட்டில் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். நமக்கென்று வரும்போதுதான் தெரிகிறது, அந்தப் பேச்சைப் பேசுகிறவனுக்குத்தான் ஆறுதல், கேட்கிறவளுக்கு இல்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மேல வீட்டுப் பூமயிலு உனக்குத் தெரியும், நம் தோட்டத்தில் மிளகாய் பறிக்க வருகிறவள், உனக்குச் சிறுவயதில் மருதாணி அரைத்து வைத்தவள். மகள் பேறுகாலத்துக்கென்று அபிராமத்துக்குப் போனவள் கார்த்திகை நடுவில்தான் திரும்பினாள். வந்த அன்று காலையில், சுகந்திக்கு இப்ப எத்தனை மாசம் மதினி என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சந்தோஷமாகக் கேட்டாள். உன் அம்மா விஷயத்தைச் சொன்னாள். பூமயிலு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்விட்டாள். என்ன இவள் ஒரு ஆறுதல்கூடச் சொல்லாமல் போகிறாள் என்று உன் அம்மாவுக்கு வருத்தம். உச்சிப்பொழுதுக்குத் தலையில் ஒரு சட்டி, கையில் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள், குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, கேஸை அணைத்துவிட்டாள். உன் அம்மா பதறிப்போய் என்னடி இது என்றாள். "துக்க வீட்டுல அடுப்பு எரியலாமா மதினி? இத்தனை நாளா யாருமே சோறு கொண்டாரலையா?" என்று பூமயிலு கேட்டாள். முகமே பார்க்காத பிள்ளைக்கு யாரு அதெல்லாம் செய்வா என்று உன் அம்மா சொல்ல, "பார்க்காட்டி என்ன, ஒங்க வீட்டுப் பிள்ளைதானே" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து இலை போட்டுச் சோறு வைத்தாள், ரசம் ஊற்றினாள், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாய் தின்றிருப்பேன், எனக்கு அழுகை வந்துவிட்டது சுகந்தி. ஐப்பசியிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், எல்லாருக்கும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், இலையில் கையை வைத்துக்கொண்டு பிள்ளைபோல அழுதேன். உன் அம்மா அழுதாள். பூமயிலு ஒருவரையும் அழாதே என்று சொல்லவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாரேன் மதினி என்று போய்விட்டாள். அன்றைக்குத்தான் நம் வீட்டில் ஒரு பேரப்பிள்ளை இருந்து போனது என்று எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு லாசர் கதைதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீர் நேரத்துக்கு வந்திருந்தால் எங்கள் தம்பி செத்திருக்க மாட்டானே என்று செத்துப்போன லாசரின் அக்காமார் இயேசுவிடம் சண்டைக்கே போனார்கள். அவர் கோபிக்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரியும், தெரிந்தும் நின்று அழுதார். இத்தனை வருஷமாக அந்த வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம் நான் கல்லறைக் கல்லைப் புரட்டுகிற இடத்துக்கே ஓடிவிடுவேன், அவர் அழுத இடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. முதலில் முள்ளை எடுங்கள் என்று நீ அந்த வயதிலேயே சொன்னதும் இதைத்தான். ஆகவே நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இதுதான் என் பதில். பூசைக்குப் போகப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். பிடிக்கும்போது போ. அவர்மேல் கோபம் இருந்தால் கோபமாகவே பேசு, அவர் கேட்டுக்கொள்வார்.

ஒரே ஒரு நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. இங்கே எங்களுக்குச் சோறு கொண்டுவர ஒரு பூமயிலு இருந்தாள், அங்கே உனக்கு யார் கொண்டுவந்தார்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு ரொட்டியை வாட்டித் தின்றோம் என்று மாப்பிள்ளை சொன்னார். சில நாளிலேயே நீ நர்ஸ் டூட்டிக்குப் போய் அடுத்தவர்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாய். வசந்தகுமார் மாப்பிள்ளைக்கும் ஒருவரும் கொண்டுவரவில்லை என்பதை மறந்துவிடாதே, அவர் பேசாமல் இருக்கிறார் என்று அவரிடம் கோபித்துக்கொள்ளாதே, சில ஆண்பிள்ளைகளுக்கு யாராவது அடுப்பை அணைத்தால்தான் அழ வரும், உன் அய்யாவைப்போல.

கடலைக் கரையில் நின்று பார்ப்பதோடு சரி, அதைத் தாண்டிப் பறக்கிற சோலி நமக்கு வேண்டாம் என்று நீ கூப்பிட்டபோதெல்லாம் தட்டிக் கழித்தவன் நான். இப்போது உன் அம்மாவும் நானும் மதுரைக்குப் போய் பாஸ்போர்ட் எடுத்துவிட்டோம், விசாவுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. கொடுப்பார்களா தெரியாது, கொடுக்காவிட்டால் மறுபடி கேட்போம். உனக்குச் சொல்லக்கூடாது, திடீரென்று போய் நிற்கலாம் என்றாள் உன் அம்மா, எனக்கு மனது கேட்கவில்லை, எதிர்பார்த்துக் காத்திருக்கிறதும் ஒரு தெம்புதானே. அவள் இப்போதே நம் வயல் அரிசியைப் புடைத்துக் கட்டிவிட்டாள். பூமயிலு புளியும் வற்றலும் கொடுத்திருக்கிறாள், ரசத்துக்கு மிளகைத் தட்டித்தான் போடணும், மிக்ஸியில் போடக்கூடாது என்று என்னிடம்தான் சொல்லி அனுப்புகிறாள், உன் அம்மாவுக்கு அதில் கொஞ்சம் கோபம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், ராத்திரி டூட்டியைக் கொஞ்சம் குறைத்துக்கொள், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் அந்தச் சின்ன உயிரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்ன படுவாள் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் மறக்காதே தாயி. நாங்கள் வந்து சேருகிற அன்றைக்கு, விருந்து அது இது என்று ஒன்றும் செய்துவைக்காதே. உன் வீட்டு அடுப்பைப் பற்றவைக்காதே.

உன்னைப் பார்க்காமல் தவிக்கும்
அய்யா,
அருளானந்து