பெயர் ஏறாத கை

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பஞ்சில் இரண்டு சொட்டுக் கராம்பு எண்ணெய் விட்டு, இடப்பக்கக் கடைவாயில் கொடுப்புப் பல்லின் மேல் வைத்து வாயை மூடிக்கொண்டேன். முகம்கூடக் கழுவவில்லை. நீ அடைத்துவிட்ட பல்தான். அடைப்பின் ஓரம் உடைந்துவிட்டது என்று சில நாட்களாகவே நாக்கு சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் கேட்காத மாதிரி இருந்தேன். எண்ணெயின் மணம் அறைக்குள் பரவியதும், நீ பக்கத்து அறையில் கை கழுவிக்கொண்டு நிற்பது போலிருந்தது.

இந்தப் பல்லை நீ மறந்திருக்க மாட்டாய். அக்கரையில், தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே பல் மருத்துவம் படித்து, சண்டை முடிந்த பிறகு நாம் இருவரும் மன்னாருக்குத் திரும்பியிருந்தோம். பட்டம் கையில் இருந்தது. ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே பரீட்சை எழுதித் தேறி, பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான் ஒருவருடைய வாய்க்குள் கை வைக்கலாம். அந்தக் காத்திருப்பின் நடுவில் எனக்குப் பல்வலி வந்தது. ஒரே வீட்டில் இரண்டு பல் வைத்தியர்கள். ஒருத்திக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது, மற்றவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"ஒருக்காத் துப்பரவாக்கி அடைச்சுவிடடி. ஆர் பாக்கப் போகினம்?" என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

"நான் பாப்பன்."

"சினேகிதிக்குச் செய்யிறதுக்கும் பதிவு வேணுமோ?"

"பதிவு எனக்கில்லையடி, உனக்கு," என்றாய். "நான் பிழை விட்டா நீ ஆரிட்டைப் போய்க் கேப்பாய்? பேர் ஏறின ஆளெண்டா முறையிட ஒரு இடம் இருக்கு. கேக்க இடமில்லாமல் திரிஞ்சது எங்களுக்கு இவ்வளவும் காணும்."

கராம்பு எண்ணெயை அன்று நீதான் பஞ்சில் தொட்டு என் கையில் தந்தாய். அந்தப் பஞ்சைக்கூட நீ என் பல்லில் வைக்கவில்லை. கண்ணாடியைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு, இன்னும்" என்று வாயால் மட்டும் வழி காட்டினாய். எனக்கு வந்த கோபத்தில் பஞ்சை உன் மேலேயே துப்பியிருப்பேன். மறுநாள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். "மிச்சம் என்ர வேலை. பேர் ஏறட்டும்" என்று பஸ்ஸில் சொன்னாய்.

பரீட்சைக்குக் கொழும்புக்கு இருவரும்தான் போனோம். எழுத்தில் இருவரும் தேறினோம். என்னைக் கவிழ்த்தது ஒரு சொல்.

அந்தச் சொல்லின் கதை அக்கரையிலேயே தொடங்கிவிட்டது. கல்லூரியில் முதன்முதலாக நோயாளி பார்த்த அன்று, நான் ஒரு பாட்டியிடம் "உங்கட பல்லிலை சூத்தை இருக்கு" என்றேன். வகுப்பே வெடித்துச் சிரித்தது. நம்மூரில் பல்லரிப்புக்கு அதுதான் பெயர். அங்குள்ளவர்களுக்கோ அது உட்காரும் இடத்தை நினைவூட்டும் சொல். பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வாயில எப்படிம்மா அது வரும்?" என்று கேட்டாள். அன்று மாலையே நான் அவர்களைப் போல "சொத்தை" என்று சொல்லிப் பழகத் தொடங்கினேன். நீ மாறவில்லை. பேராசிரியர் கேட்டபோதும் கூச்சமில்லாமல் "சூத்தை" என்றே சொன்னாய். சிரித்தவர்கள் சிரித்துக் களைத்துப்போய், கடைசியில் உன்னைப் பார்த்து அவர்களில் இரண்டு பேர் அந்தச் சொல்லைச் சொல்லத் தொடங்கினார்கள்.

கொழும்பில் செய்முறைப் பரீட்சையில் என் கதிரைக்கு வந்தவர் நம் பக்கத்து அம்மா ஒருவர், வன்னியிலிருந்து வந்தவர். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நம் ஆள்தானே. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்:

"இந்தச் சொத்தை எப்பம்மா முதல்ல பாத்தீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எந்தச் சொத்தைப் பிள்ளை? எங்களுக்கு ஏது சொத்து? இருந்த காணியும் சண்டையோடை போட்டுதே."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. காணி விபரம் பதிய வந்த பிள்ளை என்று என்னை நினைத்தாரோ என்னவோ, காணி உறுதிப் பத்திரம் எங்கே தொலைந்தது, வீட்டுக் கூரை எப்போது போனது என்று சொல்லத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் நின்ற பரீட்சகருக்குத் தமிழ் தெரியாது, மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்கு அந்த அம்மாவை நிறுத்தவும் வரவில்லை, என் பழைய சொல் நாக்குக்கு ஏறவும் இல்லை. விறைப்பு ஊசி எந்தப் பக்கம் போடுவாய் என்று பரீட்சகர் ஆங்கிலத்தில் கேட்டபோது, பக்கத்தை மாறிச் சொன்னேன்.

வெளியே வந்து உன்னிடம் சொன்னபோது நீ முதலில் கொடுப்புக்குள் சிரித்தாய். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அந்த அம்மாவின்ர பல்லை ஆர் பாத்தது?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. நான் தேறவில்லை என்பதைவிட அதுதான் உன்னைப் பிடித்து உலுப்பியது.

உன் பெயர் ஏறியது. மன்னார் பட்டினத்தில் எடுத்த சின்னக் கடையறையில், உன் பெயரும் கீழே பதிவு இலக்கமும் எழுதிய பலகையை மாட்டினாய். முதல் நோயாளி நான். கதிரையில் சாய்ந்த என்னிடம், முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பது போல, "சொல்லுங்கோ, என்ன வருத்தம்?" என்றாய்.

"பல்லு டொக்டரின்ர பிடிவாதத்தாலை வந்த வருத்தம்," என்றேன்.

"அதுக்கு இஞ்சை மருந்தில்லை. வாயைத் திறவுங்கோ."

அதன்பிறகு நான் உன் பக்கத்தில் நின்ற வருடங்கள். கருவிகளை அவித்தேன், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தேன், பயந்த பிள்ளைகளின் கையைப் பிடித்தேன். சனம் என்னை நேர்ஸ் அக்கா என்றது. ஒரே பட்டம் படித்தவள் என்று தெரிந்தவர்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். உன் பார்வையில் மட்டும் இரக்கம் இருந்ததில்லை. பரீட்சைக்கு விண்ணப்பம் கேட்கும் ஒவ்வொரு முறையும், நோயாளியின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்த முறை போட்டனியோ?" என்று கேட்பாய். மகன் சின்னவன், என் கணவருக்கு வேலை மாற்றம், வீடு கட்டுகிறோம் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். உன் பக்கத்தில் நிற்பது எனக்குப் போதுமாக இருந்தது. நீ எப்போதும் இருப்பாய் என்ற கணக்கில்தான் அது போதுமாக இருந்தது என்று இப்போது விளங்குகிறது. நோய் உனக்கு ஒரு மழைக்காலத்தைக்கூட முழுதாக விட்டுவைக்கவில்லை.

நீ போன பிறகும் அறைத் திறப்பு என் சாவிக்கொத்தில்தான். இடைக்கிடை போய்க் கதிரையைத் துடைத்துவிட்டு வருவேன். கதவு திறந்தால் வாசல் நிழலில் படுத்திருக்கும் கழுதைகள் எழும்பி இடம் விடும், இப்போதும். நேற்றும் போனேன். ஓலைத்தொடுவாய்க் கிராமத்திலிருந்து செபமாலை அண்ணன் வந்து நின்றார். அதுதான், மீன் லொறி வைத்திருப்பவர். ஊசிக்குப் பயந்து உன் கதிரையிலிருந்து இரண்டு தரம் எழும்பி ஓடியவர். கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது.

"இண்டைக்கு ஓட மாட்டன் பிள்ளை. எப்பிடியாவது கழட்டிவிடும்."

"ஆஸ்பத்திரிக்குப் போங்கோ அண்ணை. நான் செய்யக் கூடாது."

"நீரும் அவவோடை படிச்சனீர்தானே? அவவின்ர கைக்குப் பக்கத்திலை நிண்ட கைதானே இது? கதவைச் சாத்திப்போட்டுச் செய்யும். மாதாவாணை வாய் திறக்க மாட்டன்."

"வாய் திறக்காமல் எப்பிடி அண்ணை பல்லுக் கழட்டுறது?"

அந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பே வலித்திருக்க வேண்டும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அலுமாரியில் கருவிகள் அவித்துத் துணியில் சுற்றியபடியே இருந்தன. அது எந்தப் பல் என்று தெரியும், எப்படி எடுப்பது என்றும் தெரியும். கை அலுமாரிப் பூட்டுவரை போனது. அவருக்கு ஏதும் ஆகிவிட்டால் அவருடைய மனைவி யாரிடம் போய்க் கேட்பாள் என்று நினைத்தேன். கையை எடுத்தேன். ஓட்டோ பிடித்து ஏற்றினேன். வீக்கம் கண்வரை ஏறிவிட்டது, பின்னேரத்துக்கு விடாமல் இப்போதே காட்ட வேண்டும் என்று சொன்னேன். ஓட்டோவிலிருந்து தலையை நீட்டி, "அவ போயும் அவவின்ர பிடிவாதம் போகேல்லை!" என்று கத்திவிட்டுப் போனார். அதைத் திட்டாக எடுப்பதா, பாராட்டாக எடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

இரவு சாப்பிடும்போது என் அவர் கேட்டார்: "செய்திருக்கலாம்தானே? உமக்குத் தெரியாத வேலையே?" தெரிந்த வேலைதான். அதனால்தான் இரவு முழுதும் பல்லும் மனமும் சேர்ந்து குத்தின.

பஞ்சை இப்போதுதான் துப்பினேன். நீ வைத்த அடைப்பின் பெரிய பாதி இன்னும் அசையாமல் இருக்கிறது. நாக்கு அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இன்று நான் ஆஸ்பத்திரி வாங்கில் போய் இருந்து என் முறை வரும்வரை காத்திருப்பேன். வரும் வழியில் உன் பலகையைக் கழற்றி, துடைத்து, உள்ளே வைப்பேன். ஆணிகளைக் கழற்ற மாட்டேன். இந்த முறை பரீட்சைக்கு விண்ணப்பம் போடப் போகிறேன். அவருக்குச் சொல்லவில்லை, மகனுக்கும் சொல்லவில்லை. கொழும்பில் என் கதிரைக்கு வருவது யாராக இருந்தாலும், நம் பக்கத்து ஆள் என்றால், "சூத்தை எப்ப இருந்து குத்துது அம்மா?" என்றுதான் கேட்பேன்.