வீட்டை விற்காததற்குக் காரணம்

அன்புள்ள மகனுக்கு,

மட்டாஞ்சேரி வீட்டை விற்று, அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தாய். நீ அனுப்பிய இல்லத்தின் படங்களைப் பார்த்தேன்; நீச்சல்குளம் அழகாக இருக்கிறது. அம்மாவுக்கு நீந்தத் தெரியாது.

நேற்று வீட்டை டிரஸ்டாக எழுதிப் பதிவு செய்துவிட்டேன். பொறுப்பு உன் தங்கை அம்ருதாவுக்கு. அம்மா இருக்கும்வரை யாரும் விற்க முடியாது. பிறகு உங்கள் இருவருக்கும்.

வக்கீல் காரணம் கேட்டார். தினமும் சாயங்காலம் அம்மா என்னிடம் சொல்வதைச் சொன்னேன்: "சேட்டா, காப்பி குடிச்சுட்டுக் கிளம்புங்கோ. எங்காத்துக்காரர் மிளகுக் கிடங்கிலேர்ந்து வர நேரமாச்சு."

கிடங்கை மூடி வருஷங்களாகின்றன. நானும் காப்பியைக் குடித்துவிட்டு, தெருவைச் சுற்றி வந்து, கணவனாக உள்ளே நுழைகிறேன்.

திங்கட்கிழமை என் நெஞ்சைத் திறந்து பார்க்கப் போகிறார்கள். எழுத அதில் விசேஷமில்லை. வருகிறவர் வராமல் போகலாம். காத்திருக்க அவளுக்கு அந்த வாசலாவது இருக்கட்டும்.

உன் அப்பா