மவுண்ட் என்றார் செல்வம்

என்னங்க,

உங்களுக்கு ஸலாம். நீங்க அடங்கியிருக்கிற கபர்ஸ்தானுக்கு நான் வர முடியாது, அதனால் சொல்ல வேண்டியதை எழுதித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. முதலில் நல்ல செய்தி. நம்ம அன்வர் நன்றாக இருக்கிறான். பட்டப்பகலில் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். அப்படியே உங்க குறட்டை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் தெரியுமா? நேற்று ஒன்றரை மணி நேரம் நமக்குப் பிள்ளையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் சீருடைத் துணிக்கட்டுகளை உங்க அம்பாசிடரில் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குக் கிளம்பினான். "வேன்ல அனுப்பேன்டா" என்றேன். "அத்தா இதுலதாம்மா போவாரு" என்றான். உங்க பேரைச் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று அவனுக்குத் தெரியும். டிக்கி நிறைய, பின் சீட்டு நிறையக் கட்டு. பின்பக்கம் தாழ்ந்துபோய்த்தான் வண்டி தெருவைத் தாண்டியது.

பதினோரு மணிக்கு போன். கச்சிராயபாளையம் மெக்கானிக் செல்வம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வண்டி ரெடியாகட்டும் என்று அவர் ஷெட்டில் உட்கார்ந்திருந்த நீங்க அப்படியே சாய்ந்துவிட்டீங்களே, அன்றைக்கும் அவர்தான் போன் செய்தார். "பாயம்மா, பாய் மவுத்தாயிட்டாருங்க" என்று, செத்துப்போயிட்டார் என்று சொல்ல மனசு வராமல், நம்ம வார்த்தையை எடுத்து மரியாதையாகச் சொன்ன மனுஷன்.

நேற்று மலையிலிருந்து பேசினார். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. "பாயம்மா... ஏத்தத்துல... மவு..." என்று கரகரப்பு. அப்புறம், "கயிறு போட்டுக் கட்டி மெதுவா எறக்கிக்கினு வரோம்... பதறாதீங்க." அவ்வளவுதான், கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது.

நீங்களே சொல்லுங்க, நான் என்னவென்று நினைப்பேன்?

நான் போட்ட சத்தத்தில் உங்க தங்கை ஓடி வந்தாள். அவளிடம் வீட்டை விட்டுவிட்டு, மலையிலிருந்து இறக்கினால் அங்கேதானே கொண்டுவருவார்கள் என்று செல்வம் ஷெட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் உங்களோடுதான் சண்டை. தனியாக இருக்க முடியவில்லை என்று பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டீங்களா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கவே இல்லை, பாவம்.

ஷெட் வாசலில் நம்ம வண்டி மரக்கட்டைகள் மேல் நின்றது. அதற்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நான் துவைத்துப் போட்ட பேன்ட். மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஒரு கால் கட்டைவிரலால் இன்னொரு காலைச் சொறிந்தது.

"செல்வண்ணே, டார்ச்ச இந்தாண்ட காட்டு" என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

காலைப் பிடித்து இழுத்தேன். முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தான். முதலில் ஓர் அறை, பிறகுதான் கட்டிக்கொண்டேன்.

"இன்னாம்மா ஆச்சி? எதுக்கு அடிக்கற?"

"மவுத்துன்னு சொன்னாரேடா!"

செல்வம் கையிலிருந்த டார்ச்சைக் கீழே விட்டார். "ஐயோ பாயம்மா! மவுண்டுங்க! வண்டியோட மவுண்டு! பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை இருக்குதுல்ல, அத்த அடியில புடிச்சிக்கினு இருக்கற இரும்புங்க. ஜாஸ்தி லோடு, ஏத்தத்துல விரிசல் வுட்டுடுச்சி. பட்டை நழுவாம இருக்கத்தான் கயிறு கட்டனோம்." சொல்லிக்கொண்டே வந்தவர் கிரீஸ் கையால் தலையில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "அன்னிக்கும் என் வாயி, இன்னிக்கும் என் வாயா?" என்றார். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

உங்க தங்கைக்கு போன் செய்தால், அவள் சொல்லியனுப்பி, அடக்கத்துக்குத் தூக்கிப்போகிற சந்தூக் தெருமுனை வரை வந்துவிட்டதாம். நடுரோட்டில் நின்று அதைத் திருப்பி அனுப்பினாளாம். அன்வர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு இன்று காலையில்தான் வந்தது.

சரிசெய்து முடிக்கும்வரை நகர மாட்டேன் என்றேன். செல்வம் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். நான் கேட்பதற்கு முன்பே, "பாய் ஒக்காந்த ஸ்டூல் இல்லிங்க, இது வேற" என்றார்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரமாக வைத்தார்கள். அந்த இரும்பைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸைத் தேய்த்தார் செல்வம். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள் கறுப்பாக ஒரு கோடு கசிந்து வந்தது. கண்ணுக்குத் தெரிந்த விரிசல் இரண்டு விரல் நீளம்தான். கசிந்த கோடு ஒரு சாண். "எங்க முடியுதுன்னு தெரியாம பத்த வச்சா திரும்பவும் விரிசல் வுடுங்க" என்றார். கோடு முடிந்த இடத்தில் விரிசல் மேலே ஓடாமலிருக்கச் சின்னதாக ஓர் ஓட்டை போட்டார். கோடு நெடுகக் குடைந்து, வெல்டிங் வைத்து, மேலே கனமான தகடு ஒன்றையும் சேர்த்துப் பற்ற வைத்தார். பொறி பறந்தபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசி நட்டை வண்டி சக்கரத்தில் நின்ற பிறகு, உள்ளே பாரம் வைத்துத்தான் முறுக்க வேண்டுமாம். "வெய்ட்டுக்கு நீ ஏறி ஒக்காரும்மா, அது போதும்" என்றான் உங்க பிள்ளை. கொழுப்பைப் பாருங்க. நீங்க போன பிறகு அந்த வண்டியில் நான் ஏறியதே இல்லை. நேற்று ஏறினேன்.

கட்டுகளை ஷெட்டிலேயே விட்டுவிட்டு, அதிலேயே வீட்டுக்கு வந்தோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. இனிமேல் கட்டுகள் வேனில் போகும், வண்டியில் ஆட்கள் மட்டும்தான். அவனும் ஒத்துக்கொண்டான்.

ஆட்டோவில் திட்டியதற்கு மன்னிச்சிடுங்க. நீங்க அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் இப்போது நான் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்க. உங்களிடம் அடுத்து வருவது நான்தான். அவன் இல்லை. பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வையுங்க. ஆனால் அவசரப்படுத்தாதீங்க, நிதானமாகத்தான் வருவேன்.

இப்படிக்கு,
இன்னமும் அன்வருக்கு அம்மாவாக இருக்கிற
உங்கள் மனைவி