வாசலில் காயும் நெல்

சனிக்கிழமை, இரவு.

இன்றும் ஸ்டேடியத்தில் கால்பந்து. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் எங்கள் கேட்டை மறித்துக் கார் நிறுத்தக் கூடாதென்று, காலையிலேயே வாசல் ரோட்டில் ஒரு மூட்டை நெல்லைப் பரப்பிவிட்டேன். பலித்தது. தெரு முழுக்கக் கார். எங்கள் வாசலில் மட்டும் இல்லை.

மதியம் மாமனாரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக ஆட்டோ வந்தது. டிரைவர் நெல்லுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்.

"நெல்லு மேல ஏத்த மாட்டேங்க. ஐயாவ மெல்லக் கூட்டிட்டு வாங்க."

"இருங்க, ஒதுக்கிடுறேன்" என்று துடைப்பத்தை எடுத்தேன்.

மாமனார் தடுத்தார். "விடும்மா, நல்ல வெயிலு. காயட்டும்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நெல்லை மிதிக்காமல் சுவரைப் பிடித்துப் பிடித்து ஓரமாகவே நடந்தார்.

அது போன மாதமே காய்ந்து மூட்டை கட்டிய நெல். நாளைக்கும் ஆட்டம் இருக்கிறது.