இரண்டு சீட்டுக் கார்

கருங்கல்லுத் தோட்டம்,
தலவாக்கலை,
22.8.1961

அன்பு மகன் சிவசாமிக்கு அப்பா எழுதிக்கொள்வது. தோட்டத்து மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், திருகோணமலைக் கடற்காற்றில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். மற்றதெல்லாம் பிறகு. முதலில் இந்த ஒன்றைப் படித்துக்கொள். வருகிற வெள்ளிக்கிழமை முதலாளியிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிடாதே. அரிசி ஆலை லொறியை விட்டு இறங்காதே. போன மாதம் நான் எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. ஏன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

நீ எழுதிய பதில் நேற்றுத் தபாலில் வந்தது. வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கும்போது முதலாளியிடம் சொல்லிவிட்டு மாதக் கடைசியில் பெட்டியோடு வருகிறேன், நீங்களே தோட்டத்துத் துரையிடம் என் வேலையைப் பேசி முடித்த பிறகு எனக்கென்ன யோசனை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கராஜுக்குள் போய் நின்றேன். உடனே தந்தி அடிக்கலாம் என்று தலவாக்கலைத் தபால் கந்தோர் வாசல் வரை ஓடினேன். அங்கே போன பிறகுதான் புத்தி வந்தது. நம் ஆட்களுக்குத் தந்தி வந்தால் அது சாவுச் செய்தி என்றுதானே அர்த்தம், நீ அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் லொறியை நடுரோட்டில் போட்டுவிட்டு அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ரயில் ஏறிவிடுவாய், வேலையும் அதோடு போகும். அதனால் திரும்பி வந்துவிட்டேன். இந்தக் கடிதம் இன்று சாயந்தர ரயிலைப் பிடித்தால் வெள்ளிக்கு முன்னால் உன் கையில் இருக்கும் என்று தபால்காரர் சொன்னார். அவர் வாக்குப் பலிக்கட்டும்.

நடந்தது என்னவென்றால் எல்லாம் அந்தக் காரால் வந்தது. துரை வாங்கச் சொல்லி வைத்திருக்கிற, இன்னும் கப்பலே ஏறாத கார். துரைக்குச் சீமையிலிருந்து வருகிற புத்தகத்தில் அதன் படம் இருந்தது, துரை படித்து முடித்ததும் பங்களாவில் சமைக்கிற செல்லசாமி அதைக் கிழித்துக்கொண்டு வந்து காட்டினான். அதற்கு ஏதோ காட்டு மிருகத்தின் பேர், என் வாய்க்கு வரவில்லை. முன்பக்கம் மட்டும் நாம் குடியிருக்கிற லயத்துக் காம்பரா நீளம், உட்காருகிற இடம் கடைசியில் ஒரு குழி மாதிரி. நூற்றைம்பது மைல் வேகம் ஓடுமாம். நம் தோட்டத்து ரோட்டில் பதினைந்துக்கு மேல் போனால் பல்லுக் கழன்று மடியில் விழும், இதில் நூற்றைம்பதை எங்கே வைத்து ஓட்டுவது. மூன்று மாதமாக நானும் செல்லசாமியும் வேறு பேச்சே பேசவில்லை. சீமையிலேயே இரண்டாயிரம் பவுணாம். கப்பல் கூலியும் தீர்வையும் சேர்ந்து கொழும்பில் இறங்கும்போது நாற்பதாயிரம் ஆகும் என்று அவன் சொன்னான், நான் அறுபது என்றேன். கேலனுக்குப் பதினேழு மைல் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம், இந்த மலை ரோட்டு வளைவு முடக்குகளில் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறினால் பத்துக்கூடக் கிடைக்காது என்பது என் கணக்கு. டயர் ஆறு மாதம் தாங்கினால் பெரிது, நாலு டயர் மாற்றுகிற காசுக்கு நம் வீட்டில் இரண்டு வருஷம் அரிசி வாங்கலாம். ஒரு சின்னச் சாமான் கெட்டாலும் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும், அதுவரை கார் கராஜுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்கும். அதைத் திறந்து பார்க்கக் கொழும்பிலிருந்து மெக்கானிக் வர வேண்டும், அவனுக்கு ரயில் காசு, பங்களாவில் சோறு, படுக்கை. துரை சம்பளம் முழுவதும் இதன் வயிற்றுக்கே போகும் என்று நாங்கள் இரண்டு பேரும் துரைக்காகக் கவலைப்பட்டோம். பார், இதை எழுதும்போதே கை தானாக ஓடுகிறது. இந்த நாக்குத்தான் உன்னை இந்த நிலைமைக்குக் கொண்டு வந்தது.

அதில் இரண்டே சீட்டு என்று செல்லசாமி சொன்னான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கார் என்றால் அதில் ஒரு டிரைவர் இருப்பான், இது கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமா. ஆகவே ஒரு சீட்டு டிரைவருக்கு, ஒன்று துரைக்கு. பின்சீட்டே இல்லாததால் துரை எனக்குப் பக்கத்தில் சமமாக உட்கார வேண்டும். இருபத்திரண்டு வருஷம் முதுகுக்குப் பின்னால் துரைமாரை வைத்து ஓட்டியவன் நான், அந்த நினைப்பே எனக்குக் கள்ளுக் குடித்த மாதிரி இருந்தது. லயத்தில் எல்லோரிடமும் சொன்னேன். சரி, அப்படியானால் துரைசாணி எதில் போவார், நான் இப்போது ஓட்டுகிற பழைய ஆஸ்டின் காரில்தான் போவார். அதை ஓட்ட இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் என் மகன். இப்படி நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லி உனக்கு வேலையும் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் அம்மா மட்டும்தான், ஏங்க, துரைசாணிய ஆசயா பக்கத்துல வச்சிக்கிட்டுப் போகத்தானே ரெண்டு சீட்டுக் காரு வாங்குவாரு, நீங்க எங்க குந்துவீங்க என்று கேட்டாள். உனக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும், தேயிலைக் கொழுந்தை மட்டும் பார் என்று அதட்டிவிட்டேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கார் தரையோடு தரையாக இருக்கும் என்று கேட்டு, பதினோராவது முடக்கில் துருத்திக்கொண்டு நிற்கிற பாறையில் அடி தட்டுமே என்று பயந்து, நாலு ஞாயிற்றுக்கிழமை அலவாங்கும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய் நானே அதை உடைத்து மட்டம் பண்ணினேன். யாரும் சொல்லவில்லை. அந்த நாலு ஞாயிறும் அம்மா இழுப்பு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்துக் காம்பரா அழகம்மாதான் வெந்நீர் வைத்துக் கொடுத்தாளாம். இப்போது தேறிவிட்டாள், காலையில் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறாள், நீ பயப்படாதே. ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உடைத்த கல்லைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

போன வியாழக்கிழமை கந்தப்பளையிலிருந்து ஒரு மரக்கறி வியாபாரி வந்து ஆஸ்டினைச் சுற்றிப் பார்த்தார், துரை கழுவி வை என்று சொல்லியிருந்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆஸ்டினை வித்துட்டா துரைசாணி எதுலங்க போவாங்க என்று துரையிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, வீரய்யா, புது கார் நான் ஓட்டும், துரைசாணி பக்கத்துல குந்தும், ரெண்டு சீட்டு, முடிஞ்சுது என்றார். துரை இத்தனை நாள் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லையே என்றேன். இந்த ஆஸ்டினை ஓட்டுறதுக்குப் பதிலா பின்னால தூங்கலாம் என்றார். சீமையில் இளம் வயதில் பந்தயம் ஓடினவராம், வருகிற வருஷம் ராதல்லை மலைப் பந்தயத்தில் இந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டப் போகிறாராம். பிறகு பதினோராவது முடக்கில் யாரோ கல்லை உடைத்து வைத்திருக்கிறார்கள், ரொம்ப நல்ல வேலை என்று சந்தோஷப்பட்டார். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குக் கொழுந்து லொறியில் ஏதாவது பார்க்கலாம், இல்லாவிட்டால் பெரட்டுக்கு வரலாம் என்று சொல்லியிருக்கிறார். மனுஷன் கெட்டவர் இல்லை. அவர் என்னை ஏமாற்றவும் இல்லை.

ஏமாற்றியது நான். போன கடிதத்தில் துரையிடம் உன்னைப் பற்றிப் பேசி முடித்துவிட்டேன் என்று எழுதினேனே, அது பொய். ஒரு வார்த்தை பேசவில்லை. கார் வந்ததும் கேட்டால் மாட்டேன் என்றா சொல்லப் போகிறார் என்று ஒரு தைரியத்தில் எழுதினேன். அம்மா உன்னை நினைத்துத் தினமும் அழுகிறாள் என்று எழுதியதும் பொய். எம் புள்ள நல்லா இருக்கான், அவன இழுத்துக்கிட்டு வந்து இந்தப் பனியில போடாதீங்க என்று அவள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அழுகிறவன் நான்தான், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு அவள் தலையில் போட்டேன். நீ முதல் தடவை ரயில் ஏறிய அன்று நான் வழியனுப்பக்கூட வரவில்லை, துரைசாணியை நுவரெலியாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சாக்குச் சொன்னேன். அன்றைக்குத் துரைசாணி எங்கேயும் போகவில்லை. நான் கராஜுக்குள் ஆஸ்டினைத் துடைத்துக்கொண்டே ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆறு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. என் பக்கத்தில் நீயும் ஒரு வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்ற ஆசையில் உன் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்தேன். இதை எந்த முகத்தோடு உன்னிடம் சொல்வது.

இந்தக் கடிதம் பிந்தி வந்து நீ முதலாளியிடம் சொல்லி முடித்திருந்தால், வெட்கப்படாமல் திரும்பிப் போய், என் அப்பன் பொய் சொல்லிவிட்டான், புத்தி கெட்டவன், அவனை நம்பிச் சொல்லிவிட்டேன் என்று சொல். வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே காட்டு. என் பேர் கெட்டால் கெட்டுப் போகட்டும், உன் லொறி உன்னிடம் இருக்கட்டும். அவரும் பிள்ளை பெற்றவர்தானே, கோபம் தணிந்தால் வைத்துக்கொள்வார். அப்படியும் முடியாமல் போனால் நேரே வீட்டுக்கு வந்துவிடு, கஞ்சியோ கூழோ மூன்று பேரும் குடிப்போம், ஒரு சொல் உன்னைக் கேட்க மாட்டேன்.

மற்றப்படி இங்கே பனி அதிகம். நீ ஆலையில் மூட்டை ஏற்றியதும் பின் டயரில் காற்றுப் பார்க்காமல் புறப்படாதே, இரவில் கண் செருகினால் ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்கு, முதலாளி ஏசினால் ஏசட்டும். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், முருகன் கோயிலில் வாங்கி முடிந்து வைத்திருந்த திருநீற்றில் கொஞ்சம் எடுத்து இதற்குள் மடித்து வைக்கச் சொன்னாள், நெற்றியில் இட்டுக்கொள். உனக்கு நீண்ட ஆயுசும், பொய் சொல்லத் தேவையில்லாத மனசும் அந்த முருகன் கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமை சம்பளத்தை வாங்கு, கும்பிடு போடு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வா. அதை மறந்துவிடாதே. போன கடிதத்தின் அடியில் புதுக்கார் டிரைவர் வீரய்யா என்று பெரிதாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன், அதை நினைத்துச் சிரித்துக்கொள், எனக்குக் கோபமில்லை. இனி நம் வீட்டில் டிரைவர் நீ ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரய்யா