ஐ கோ அண்ட் கம்

1937 ஐப்பசி, செவ்வாய் இரவு.

தூக்கம் வரவில்லை. ஆற்றங்கரையில் இன்னும் தீப்பந்தங்கள் அலைகின்றன.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறார். அதனால் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை, பள்ளி விட்டதும் இங்கிலீஷிலேயே விடைபெறப் பழக்கினேன். அக்கரையிலிருந்து பரிசலில் வரும் பாவாயி, "ஐ கோ அண்ட் கம், சார்" என்றாள். 'அண்ட் கம்' வேண்டாம், 'ஐ கோ' போதும் என்று திருத்தினேன்.

"போறேன்னு மட்டும் சொல்லக் கூடாதுங்க சார். எங்காத்தா வையும்."

"இங்கிலீஷ்ல சொன்னா ஒண்ணும் ஆவாது. சொல்லு."

கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள். ஓடிவிட்டாள்.

இருட்டும் நேரத்தில் பள்ளிக்கூடத்தைப் பூட்டப் போனேன். வாசற்படியில் பாவாயி நின்றாள். நனைந்த பாவாடை காலோடு ஒட்டியிருந்தது.

"அண்ட் கம், சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "சரி, போயிட்டு வா" என்றேன். பூட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினால் ஆள் இல்லை.

விளக்கு வைத்த பிறகு அவள் அப்பா மூச்சிரைக்க வந்தார். "சாயந்தரமே பரிசல் கவுந்து போச்சுங்க சாமி. மத்தவங்கெல்லாம் கரையேறிட்டாங்க, எம்புள்ளய மட்டும் காணோமுங்க. இங்க வந்துச்சுங்களா?"

வந்தாள் என்றேன். அந்த ஒரு சொல்லில் அவர் முகம் தெளிந்துவிட்டது. அவளைத் தேடி ஊருக்குள் ஓடினார்.

சற்றுமுன் லாந்தரை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனேன். ஆற்றுப் பக்கமிருந்து சின்னக் கால்களின் சேற்றுத் தடம் படிவரை வந்திருக்கிறது. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.