சபைச் சுவரில் என் ஊன்றுகோல்

அன்புள்ள மகளுக்கு,

நீ வாங்கி அனுப்பிய ஊன்றுகோலை என்னைக் கேட்காமல் எடுத்து ஆலயச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்கள். ஆறு வாரமாகிறது. இதுதான் எனக்கு நடந்த அநியாயம், இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் சுகம், அங்கே உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறோம் என்று தொடங்குவது என் வழக்கம். இந்தத் தடவை பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள். முன்பாதியை எழுதினால் பொய்யாகிவிடும், இந்த வீட்டில் பொய் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. நீயும் அதில் கொஞ்சம் சேர்த்திருக்கிறாய். நான் சுகமானேன் என்று படத்தோடு வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கூப்பிய கைப் படம் மூன்று போனில் அனுப்பினாயே. உன் அம்மா அந்தக் கைகளைத் தினமும் என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டுகிறாள். போன் அவளிடம் இருப்பதால்தான் கடிதம் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஆலயத்தில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் வைத்தார்கள், வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்திருந்தார். கடைசி நாள் உன் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் முன்வரிசை ஓரத்தில் உட்கார வைத்தாள். முழங்கால் வலி உள்ளவர்கள் விசுவாசத்தோடு எழுந்து நில்லுங்கள் என்று அவர் மூன்று தரம் சொன்னார், நான் எழவில்லை. பதினொரு வருடமாக நானும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன், முடிந்தால் எவரும் சொல்லாமலே எழுந்திருக்க மாட்டேனா. ஆனால் எனக்கு எதிரே எண்ணெய்க் குப்பிகளை அடுக்கிய மடக்கு மேசை ஒன்று இருந்தது. அதன் ஒரு கால் உடைந்த டைல்ஸ் மேல் நின்றது. ஊழியக்காரர் அதைத் தட்டித் தட்டிப் பேச, மேசை இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம். நாற்பது வருடம் கடை கடையாகப் போய்த் தராசு பழுது பார்த்தவன் நான், சாய்ந்து நிற்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு குப்பி விளிம்புக்கே வந்துவிட்டது. கையிலிருந்த கூட்ட நோட்டீஸை நாலாக மடித்துக்கொண்டு எழுந்தேன், நாற்காலி முதுகைப் பிடித்து, தூணைப் பிடித்து, நாலு எட்டு வைத்து, குனிந்து மேசைக் காலுக்கு அடியில் செருகினேன். மேசை கல்லு மாதிரி நின்றது. நிமிர்ந்து பார்க்கிறேன், சபை முழுக்க எழுந்து கை தட்டுகிறது. அன்றைக்கு அந்த ஆலயத்தில் சுகமானது அந்த மேசை ஒன்றுதான் மகளே, எனக்குத் தெரிந்து.

சபைச் செயலாளரை உனக்கு நினைவிருக்கும், மைக்கைக் கையில் கொடுத்தால் திருப்பித் தராதவர் என்பதால் எல்லோரும் மைக்கு என்று கூப்பிடுவார்களே, அவர்தான். "நடக்கிறாரு! தராசு ஐயா நடக்கிறாரு!" என்று அலறினார். வந்த வழியே திரும்ப எனக்குக் குச்சி வேண்டும், பார்த்தால் நாற்காலியில் குச்சி இல்லை, அது ஜனங்களின் தலைக்கு மேலே கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. "என் குச்சி எங்கே?" என்று கத்தினேன். "குச்சி எங்கேன்னு கேக்கறாரு பாருங்க! இனிமே உங்களுக்குக் குச்சி எதுக்கு ஐயா?" என்று மைக்கு கேட்க, இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். கால் தாங்காமல் தள்ளாடினேன், ஆனந்தத்தில் ஆடுகிறார் என்று இரண்டு பேர் பிடித்துக்கொண்டு கூடவே ஆடினார்கள். அந்த நாலு எட்டுக்கு மூன்று நாள் படுக்கையில் கிடந்தேன்.

நாலாம் நாள் குச்சியைக் கேட்டுப் போனேன், குடையை ஊன்றிக்கொண்டு, மழையே இல்லாத நாளில். போதகர் நல்ல மனுஷர்தான், ஆனால் நாலு பேர் சேர்ந்து சொன்னால் அவருக்கு முதுகெலும்பு இருக்காது. "ஐயா, அது இப்ப உங்க குச்சி இல்ல, சபையோட சாட்சி" என்றார். குச்சிக்குக் கீழே ஒரு பலகை வேறு எழுதி மாட்டியிருந்தார்கள், முப்பத்தெட்டு வருட வியாதி நீங்கியது என்று. பதினொரு வருடந்தானே என்றேன். "பதினொன்னு சொன்னா ஒரு எடுப்பா இல்லீங்களே. முப்பத்தெட்டுன்னா வேதத்துல குளத்தங்கரையில அத்தனை வருஷம் கெடந்து எழுந்தவரோட பொருந்துதில்ல" என்கிறார் மைக்கு. என் முழங்காலுக்குப் பலகை எழுதிய பெயிண்டர் வயது வைக்கிறான் பார். சரி, புதிதாக ஒன்று வாங்கலாமென்று மருந்துக்கடைக்குப் போனால், கடைக்காரரும் நம் சபைதான். "உங்களுக்குக் குச்சி வித்தேன்னு தெரிஞ்சா என்னைச் சும்மா விடுவாங்களா? வேணும்னா ஒரு சத்து டானிக் தர்றேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். இப்போது வீட்டுக்குள் ஒட்டடைக் கம்பு, வெளியே குடை. தெருவில் பார்ப்பவர்கள், நல்லா நடக்கிறீங்க ஐயா, வெயிலுக்குத்தான் குடையா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, உன் அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்தி ஐந்து வாரமாகிவிட்டது. "உங்க முழங்காலைத் தொட்டவர் என் சர்க்கரையைத் தொடமாட்டாரா?" என்கிறாள். என் முழங்காலை யாரும் தொடவில்லை என்று கத்தினால், "அவிசுவாசமாப் பேசி வந்த சுகத்தையும் விரட்டாதீங்க" என்கிறாள். அவள் முன்னால் நொண்டி நொண்டி நடந்து காட்டினேன், கண்ணை மூடிக்கொண்டாள். நான் முத்திரைக் கல் வைத்துச் சரிபார்த்த எடை மெஷின் வீட்டில் இருக்கிறது, ஞாயிறு தவறாமல் ஏற்றிப் பார்க்கிறேன், நாலு கிலோ குறைந்துவிட்டாள். உடம்பு லேசாகிறது, இதுவே அடையாளம் என்கிறாள். இடது பெருவிரலில் செருப்புக் கடித்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை. உன் பெரியம்மாவுக்கு எப்படி ஆரம்பித்தது, கடைசியில் காலை எங்கே எடுத்தார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் அதிகம் படித்தவன் இல்லை, வேதத்தை மட்டும் நானே எழுத்துக்கூட்டி வாசித்து ஐந்து தரம் முடித்திருக்கிறேன். கர்த்தர் சுகம் தருவார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, அவர் மனம் வைத்தால் இந்த வரியை முடிப்பதற்குள் என் கால் சரியாகும். இதோ முடித்துவிட்டேன், ஆகவில்லை. அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. மாம்சத்தில் முள் என்று ஒரு நோவை வைத்துக்கொண்டு மூன்று தரம் கெஞ்சியும் எடுக்கப்படாத அப்போஸ்தலனை அவிசுவாசி என்று எந்தச் சபை சொல்லும்? குருடன் கண்ணில் சேறு பூசிச் சுகமாக்கியவர் ஒரு மாத்திரையைப் பார்த்தா கோபித்துக்கொள்வார்? செய்ததைச் செய்யவில்லை என்பது நன்றிகெட்டதனம், செய்யாததைச் செய்தார் என்பது தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுவது. எடை கூடக் காட்டினாலும் கள்ளத் தராசு கள்ளத் தராசுதான். அப்படிக் காந்தம் ஒட்டிய எத்தனை கடையில் நான் சண்டை போட்டுத் தராசைப் பிடுங்கியிருக்கிறேன்.

போன செவ்வாய் மத்தியானம் உன் அம்மா தானாகவே தைலக் குப்பியோடு வந்து தரையில் உட்கார்ந்து என் முழங்காலைத் தேய்த்தாள். பிறகு, வலிக்குதா என்றாள். வலிக்குது என்றேன். "எனக்கும் தெரியும். உங்க கால் நல்லாயிட்டா என் காலும் தப்பிச்சுரும்னு நெனச்சேன், வேற ஒண்ணுமில்ல. யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றாள். நாற்பத்து நாலு வருடத்தில் அவள் பயந்து நான் பார்த்ததில்லை. மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. "அந்தக் குச்சி சுவத்துல இருக்கிற வரைக்கும் நான் மாத்திரை போட்டா, விசுவாசமில்லாதவ நான் ஒருத்திதான்னு ஆயிடும். அது எறங்கட்டும், அன்னிக்கே போட்டுக்கறேன்" என்றாள். அதனால் இனி அது வெறும் குச்சி இல்லை.

எனவே வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆகவேண்டியவை. போதகர் தன் கையாலேயே ஊன்றுகோலை இறக்கி, எல்லோரும் பார்க்க என் கையில் கொடுக்க வேண்டும். மைக்கு அந்தப் பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அவருக்கு முப்பத்தெட்டு பிடிக்கும். மருந்துக்கடைக்காரர் டானிக்கைத் தானே குடிக்கட்டும், உன் அம்மாவின் மாத்திரை அட்டையை மட்டும் தயாராக எடுத்து வைக்கட்டும். அவர்கள் யாரும் செய்யாவிட்டால் நாற்காலி மேல் ஏறி நானே இறக்குவேன், விழுந்தால் சாட்சிக்கு விழுந்ததாக இருக்கட்டும். நீ செய்ய வேண்டியது, கடிதம் கிடைத்த அன்றே உன் அம்மாவுக்குப் போன் போட்டு, கூப்பிய கையெல்லாம் அனுப்பாமல், வாயால் பேசிப் புண்ணைக் காட்டச் சொல். திங்கள் காலை அவளை டாக்டரிடம் நான் கூட்டிக்கொண்டு போவேன், குச்சியோடு. இன்னொன்று என் பங்கு, இதை எழுத ஆறு பக்கம் கிழித்துப் போட்டேன். கூட்டத்துக்கு மறு ஞாயிறு என்னை மேடைக்கு ஏற்றி ஒலிவாங்கியை வாயருகே பிடித்தார்கள். உண்மையைச் சொல்லத்தான் ஏறினேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். அன்று சாயங்காலம்தான் உன் அம்மா மாத்திரை டப்பாவை மூடினாள். ஆகையால் குச்சியை வாங்கியதும் அதே மேடையில் அதே ஒலிவாங்கியில், எனக்குச் சுகமாகவில்லை, ஆனாலும் ஸ்தோத்திரம் என்று நான் சொல்ல வேண்டும். கர்த்தர் என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை, பதினொரு வருடமாகச் சொல்லியாயிற்று. உன் அம்மாவின் கால்விரலை முதலில் பார்க்கட்டும், என் முழங்கால் வரிசையில் நிற்கும் என்று நீ ஒரு வார்த்தை ஜெபத்தில் சொல்.

அவருடைய கரம் உன்மேலும் மாப்பிள்ளைமேலும் இருப்பதாக. நேரத்துக்குச் சாப்பிடு, வருடம் ஒரு தரம் உனக்கும் சர்க்கரை பார்த்துக்கொள், இது அம்மா வழியில் வருவது. மேசைக் காலுக்கு அடியில் நான் வைத்த நோட்டீஸை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது.

இன்னும் நொண்டிக்கொண்டிருக்கும்,
உன் அப்பா